பதினாலாம் எண் கண்ணாடி

வெள்ளி என்றால் எங்களுக்கு
துணி துவைக்கிற நாள்,
ஊருக்குப் பேசுகிற நாள், பிரியாணி நாள்.
அந்த வெள்ளி மட்டும் புதன்கிழமை வந்தது,
சூரியனுக்குக் குறுக்கே.

விடியும்போதே உள்ளே நுழைந்திருந்ததாம்.
முஸஃபாவில் பஸ்ஸை விட்டு இறங்கி
தலையெண்ணிக்கைக்கு நின்ற முப்பது பேரும்
அதற்கு முதுகைக் காட்டித்தான் நின்றிருக்கிறோம்.

எட்டேகாலுக்கு நாஸ்தா மணி.
இன்ஸ்பெக்டர் தேவசகாயம்
நீளக் குழல் மாட்டிய கேமராவோடு
பைப் அடுக்கின் பக்கம் ஓடுகிறார்.
என் ஜாயிண்டுகளை எக்ஸ்ரே பிலிமில் பிடித்து
விளக்குமுன் தூக்கிப் பார்த்து
மாதத்துக்கு இரண்டையாவது வெட்டச் சொல்கிற மனிதர்.
"வெளிய போக இன்னும் அரைமணிதான்யா" என்றார்,
நான் ஏதோ தாமதப்படுத்தியதுபோல.

கையில் பத்தாம் எண் கண்ணாடி.
அதைக் கேமராவுக்கும் தன் கண்ணுக்கும் நடுவில் பிடித்து
குழலைச் சூரியனுக்குத் தூக்கினார்.

"சார்!"

ஐந்து வருடத்தில் அவரை நோக்கி
நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

பத்து போதாது சார், பதினாலு வேணும்.
அதுவும் இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்.
தீ நுழைகிற வாசலில் கட்டணும்.
லென்ஸ் அத்தனை வெயிலையும் திரட்டி
ஒரே இடத்தில் ஊற்றும்.
அங்கே வைத்த கண்ணாடி வெடிக்கும்.
அது வெடித்தால் அடுத்த கண்ணாடி உங்க கண்ணு.

ஆர்க் அடித்தால் ராத்திரி தெரிந்துவிடும்.
இமைக்குள் மணலை வாரிப் போட்ட மாதிரி.
தில் பகதூர் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி
இரண்டு கண்ணிலும் வைத்துக்கொண்டு
கீழ்க்கட்டிலில் விடிய விடிய அழுதிருக்கிறான்.
மூன்றாம் நாள் வேலைக்கும் வந்தான்.
வெயில் அப்படியில்லை.
விழியின் பின்சுவருக்கு வலிக்கத் தெரியாது.
சத்தமில்லாமல் பொசுக்கிவிட்டுப் போகும்.
மறுநாள் யார் முகத்தைப் பார்த்தாலும்
நடுவில் மூக்கு இருக்காது.

அவர் ஒன்றும் பேசவில்லை.
கௌஜிங் ஹெல்மெட்டிலிருந்து என் பதினாலைக் கழற்றி,
கீறல் உண்டா, ஓரம் விண்டிருக்கிறதா என
நகத்தால் தடவிப் பார்த்து,
குழலின் முன்வாயில் வைத்து
வெளிச்சம் கசியாதபடி கறுப்பு டேப் சுற்றினேன்.
(டேப்புக்குக் கையெழுத்துக் கேட்டார் ஸ்டோர் தங்கச்சன்.)
துளையில் கண் வைக்காதீங்க, திரையில் பாருங்க.

திரையில் பச்சைச் சூரியன்.
அதன் ஓரமாக, அசையாததுபோல் அசைகிற
ஒரு கறுப்புப் பொட்டு.

தேவசகாயம் அதைப் பெரிதாக்கினார்.
பழக்கதோஷம்.
"ஒத்தப் போரோசிட்டி. நல்ல வட்டம்.
அளவு லிமிட்டுக்குள்ள. அக்செப்ட்."
எனக்கு ஒருநாளும் இவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை.

பிறகு அது கரையை நெருங்கியது.
தொடுவதற்கு மயிரிழை முன்பே
பொட்டிலிருந்து ஒரு கழுத்து நீண்டு
விளிம்பில் ஒட்டிக்கொண்டது.
இதென்ன என்று அவர் திகைத்தார்.
நான் திகைக்கவில்லை.
கம்பிநுனிச் சொட்டு
உருகிய குளத்தில் இறங்குமுன் இப்படித்தான் நீளும்.
நாளெல்லாம் பார்க்கிறேன்,
ஒரு முழத் தூரத்தில்.

கிரேன் ஜர்வலி கீழே இறங்கி வந்து பார்த்தான்.
"பஸ்? இத்னா?"
அவன் போனிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்,
கேமராத் திரையைத்தான்.

"அடுத்தது எப்போ சார்?"
"ரெண்டாயிரத்து நூத்திப் பதினேழு. டிசம்பர்."
எனக்கு விசா பிப்ரவரி வரை.

முக்காலுக்குச் சைரன்.
வெள்ளி இன்னும் முழுதாக வெளியேறவில்லை.
சூரியன் விளிம்பில் எலி கடித்ததுபோல் கொஞ்சம் மிச்சம்.
டேப்பைப் பிரித்தேன்,
கண்ணாடியை ஹெல்மெட்டில் பொருத்தினேன்.
நாஸ்தா சாப்பிடவில்லை என்பது
கையைக் கழுவப் போனபோதுதான் உறைத்தது.

துடைத்தும் போகாத பசை ஒரு துளி
கண்ணாடியின் மூலையில்.
அன்று மாலைவரை
நான் மூட்டிய ஒவ்வொரு நெருப்பின் ஓரத்திலும்
அது நின்றது.